இரண்டாம் பந்தி டயர்

இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. இன்னும் எனக்குப் பழகாத ஒன்று, காலையில் காற்று குறைந்து மத்தியானம் தானாகக் கூடிவிடுவது. வீசுகிற காற்றைச் சொல்லவில்லை, கார் டயருக்குள் இருக்கும் காற்றைச் சொல்கிறேன். மிச்சிகனில் அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், காலையில் வண்டியைக் கிளப்பியதும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வாய் திறந்த சட்டிக்குள் ஒரு ஆச்சரியக்குறியைப் போட்டுவைத்த மாதிரி இருக்கும். அது போதாதென்று கைபேசிக்கும் கார் ஒரு செய்தி அனுப்பிவிடும், எந்தச் சக்கரத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று. ஆணி எதுவும் குத்தியிருக்காது, யாரும் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கவும் மாட்டார்கள். குளிரில் காற்று சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் ஓடி, வெயிலும் ஏறிவிட்டால் விளக்கு அணைந்துவிடும். முதல் வருஷம் அது தானாக அணைந்ததைப் பார்த்து, அம்மன்தான் அணைத்தாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஊரில் இருந்தவரை காற்றுக்கு இப்படியொரு குணம் உண்டென்றே எனக்குத் தெரியாது. எங்கள் வீடு கரிவலம்வந்தநல்லூரில். வேலை சங்கரன்கோவிலில், ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். ஏழு வருஷம் தினமும் ஸ்கூட்டியில் போய்வந்தேன். பத்து நாளைக்கு ஒரு தரம் ராஜபாளையம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பேன். அங்கே குழாயை வைத்துக்கொண்டு நிற்பவர் ஒவ்வொரு தடவையும், "அண்ணன் எவ்வளவு வைப்பாவ?" என்று கேட்பார். எந்த அண்ணன் என்றால், வண்டி ஓட்டுகிற அண்ணன் என்பார். ஓட்டுவது நான்தான் என்பேன். அதற்கு ஒரு தலையசைப்பு கிடைக்கும். பிறகு அவருக்குத் தோன்றிய அளவை அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஏழு வருஷத்தில் என் சொந்த வண்டியில் எத்தனை பவுண்டு காற்று இருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. வண்டி ஓடியது, நானும் நேரத்துக்கு வேலைக்குப் போனேன்.

என் பெயர் கோமதி, என் வீட்டுக்காரர் பெயர் சங்கரன். இரண்டும் சங்கரன்கோவில் சாமிகளின் பெயர். எங்கள் வட்டாரத்தில் கல்லை எறிந்தால் ஒரு கோமதி மேலோ ஒரு சங்கரன் மேலோதான் விழும், அதனால் இந்தப் பொருத்தத்தில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை. இவருக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். இவர்கள் வீட்டில் வாடகைக்கு ஓடும் வேன் ஒன்று இருந்தது. அந்த வேனோடு சேர்ந்து வளர்ந்ததால் வண்டி விஷயத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது இவருடைய எண்ணம். அதில் தலையானது காற்றுச் சித்தாந்தம். வெயிலில் டயர் சூடாகும், சூடானால் காற்று கூடும், கூடினால் வெடிக்கும், ஆகவே வெயில் காலத்தில் நாலு பவுண்டு குறைத்துத்தான் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை நம்பாத ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. இவர் அந்தச் சித்தாந்தத்தை வேட்டி சட்டையோடு மடித்துப் பெட்டியில் வைத்து மிச்சிகன் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்.

போன வருஷம் ஜனவரியில் நான் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. காரின் பின்பக்கம் தன்பாட்டுக்கு நகர்ந்து என்னை முந்தப் பார்த்தது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் கார் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றது. பின் சீட்டில் இருந்த முட்டைகூட உடையவில்லை. எனக்குள்தான் ஏதோ உடைந்துவிட்டது. அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இந்த நாட்டில் கார் ஓட்டாத ஆள் ஒரு பார்சல். யாராவது ஏற்ற வேண்டும், யாராவது இறக்க வேண்டும். ஊரில் யாரையும் கேட்காமல் போய்வந்தவள், இங்கே ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்க இவருடைய மீட்டிங் முடியும்வரை காத்துக்கொண்டிருந்தேன். இவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மே மாதம் இவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் இவரை ஆட்டோகிராஸ் என்ற ஒன்றுக்குக் கூட்டிப்போனார். மூடிக்கிடக்கும் ஒரு பெரிய வணிக வளாகத்தின் பார்க்கிங் மைதானம். அதில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். எதிரில் வண்டி கிடையாது, கடிகாரம்தான் எதிரி. ஒரு சுற்று ஒரு நிமிஷம்கூட வராது. கூம்பை இடித்தால் ஒன்றுக்கு இரண்டு செகண்ட் அபராதம். அவரவர் ஓட்டும் சாதாரணக் காரையே கொண்டுவரலாம். இவர் அன்று வீட்டுக்கு வந்தபோது முகம் கடலை மிட்டாய் கிடைத்த பிள்ளை முகமாக இருந்தது. நீயும் வா, இங்கே சறுக்கினால் கூம்புதான் சாகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பயம் தெளியும் என்றார். காய்கறி வாங்கும் எங்கள் சின்னக் காரில் நானும் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தது அப்படித்தான்.

ஓடுவதற்கு முன்னால் காரைச் சோதிப்பார்கள். உள்ளே ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் காரைச் சோதித்தவர் முதல் நாள் எடுத்து வெளியே வைத்த பொருள்கள்: ஒரு முறுக்கு டப்பா, இரண்டு குடை, பாதி மூட்டை புழுங்கல் அரிசி, ஊரிலிருந்து வந்த ஒரு புற்றுமண் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், உடனே குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். எங்கே எண்ணெய் ஒழுகுகிறது என்று கேட்டார். இங்கே எண்ணெய் சிந்தினால் அதன்மேல் ஒரு பொடியைப் போட்டு உறிஞ்ச வைப்பார்களாம், இதை அந்தப் பொடி என்று நினைத்துவிட்டார். இது கோயில் பிரசாதம், நெற்றியில் பூசிக்கொள்வோம், தண்ணீரில் கரைத்தும் குடிப்போம் என்றேன். அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு நல்ல வெயில். இவர் சித்தாந்தப்படி நாலு டயரிலும் காற்றை இருபத்தெட்டுக்கு இறக்கினார். கார் திரும்ப மாட்டேன் என்றது. ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் கத்துகிறதே தவிர வண்டி நேராகப் போய்க் கூம்புகளைச் சாய்க்கிறது. பக்கத்தில் கெல்லி என்று ஒரு பெண் நின்றாள். என் வயதுதான், ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், எங்களைப் போலவே சின்னக் கார். அவள் ஒன்றும் சொல்லாமல் வந்து எங்கள் டயரின் ஓரத்தில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டாள். இவர் பதறிவிட்டார். இங்கே ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிறுத்திய வண்டிக்குச் சாக்பீஸ் கோடு போட்டுத்தான் அபராதச் சீட்டு வைப்பார்கள், ஒருமுறை வாங்கியிருக்கிறார். நாங்கள் முறைப்படி பதிவு செய்துதான் வந்திருக்கிறோம் என்று சீட்டை எடுத்துக் காட்ட, கெல்லி சிரித்துக்கொண்டே போய் ஓட்டிவிட்டு வா என்றாள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கோடு பக்கச்சுவர் வரைக்கும் அழிந்திருந்தது. காற்று பத்தாமல் டயர் வளைவில் மடிந்து, விளிம்பால் நடந்திருக்கிறது. முப்பத்தெட்டுக்கு ஏற்றிப் பார்த்தோம், கோடு எங்கே அழிய வேண்டுமோ அங்கே நின்றது. இவருடைய குடும்பச் சொத்தான சித்தாந்தம் மூன்று சாக்பீஸ் கோட்டில் முடிந்துபோனது.

முன் டயர் அப்படி. பின் டயர் வேறு கதை. பின்னால் காற்றைக் கூட்டினால் காரின் வால் லேசாக வழுக்கும், அந்த வழுக்கலில் வண்டி சீக்கிரம் திரும்பும் என்று கெல்லி சொன்னாள். இவர் சந்தோஷமாக நாற்பத்திரண்டு வைத்துக்கொண்டார். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஜனவரியில் என்னைப் பள்ளத்தில் தள்ளியது அந்த வால்தானே.

ஒரே கார், இரண்டு பேர். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் ஓட்டி முடித்து இறங்கியதும் மற்றவர் ஏறிப் போக வேண்டும். யார் முதலில் என்று நாங்கள் பேசி முடிவுசெய்யவே இல்லை. இவர் முதலில் போனார், நான் பின்னால் போனேன். கல்யாண வீட்டில் ஆம்பிளைகள் முதல் பந்தியில் உட்கார, நாம் இரண்டாம் பந்திக்கு நிற்பது மாதிரி, கால் தானாகப் போய் அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஜூன் முழுக்க இவரைவிட இரண்டு செகண்ட் பின்தங்கினேன். வண்டி எனக்கு மட்டும் எண்ணெயில் ஓடுவது மாதிரி வழுக்கியது. எனக்குக் கை வராது, வேனோடு வளரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜூலையில் ஒருநாள் இவர் ஓட்டி இறங்கியதும் எதற்கோ காற்றளக்கும் கேஜை எடுத்து டயரில் வைத்தேன். முன்னால் நாற்பத்து மூன்று, பின்னால் நாற்பத்தேழு. இவர் ஓட்டிச் சூடாக்கியதில் ஐந்து பவுண்டு ஏறியிருக்கிறது. அதாவது இவர் சாப்பிட்ட இலையிலேயே நான் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் முப்பத்தெட்டு, பின்னால் முப்பத்தாறு வரும்வரை உஸ்ஸென்று காற்றைத் திறந்துவிட்டேன். வண்டி பூனைக்குட்டி மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. ஒன்றரை செகண்ட் குறைந்தது.

அடுத்த சுற்றுக்கு இவர் போய் மூன்று கூம்பைச் சாய்த்துவிட்டு வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, காத்தை எடுத்தியா?"

"எடுத்தேன்."

"எவ்வளவு எடுத்த?"

"எனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

கெல்லிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. போய்த் தன் காரில் இருந்த பம்பை எடுத்துவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். அன்றிலிருந்து காரில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு பக்கம் இவருடைய அளவு, எதிர்ப் பக்கம் என்னுடையது. இவர் இறங்கியதும் நான் காற்றை இறக்குவேன், நான் இறங்கியதும் இவர் பம்பை மிதிப்பார். பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

செப்டம்பரில் எனக்கு ஒரு வேலை வந்தது. நாற்பது மைல் தள்ளி ஒரு மருத்துவமனையில், அலுவலக வேலை. ஆறு வருஷமாகக் காத்திருந்த வேலை. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ் கிடையாது, இவர் கொண்டுவிட்டால் இவருடைய வேலை போய்விடும். நானே நெடுஞ்சாலையில், இருட்டிலும் பனியிலும், தனியாக ஓட்டிப் போனால்தான் உண்டு. அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை பதில் சொல்லச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஞாயிறுதான் எங்கள் மைதானத்தில் அந்த வருஷத்தின் கடைசி ஓட்டம். பார்க்கிங்கில் கூம்பைச் சுற்றுவது வேறு, பனி ரோட்டில் லாரிகளோடு போவது வேறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வது என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு மூச்சு விட்டால் புகை வரும் குளிர். இவர் முதல் சுற்றிலேயே வழுக்கி இரண்டு கூம்பை எடுத்தார். குளிர்ந்த டயர் தரையைப் பிடிப்பதில்லை. அடுத்து நான் ஏறும்போது டயர் இளஞ்சூடாக இருந்தது, பசை மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடியது. மூன்று சுற்று முடிவில் இவரைவிட நான் முக்கால் செகண்ட் முன்னால் இருந்தேன். கெல்லி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கோடையில் என்னைக் கெடுத்த இரண்டாம் பந்தி, குளிர் வந்ததும் நெய்யாக ஊற்றிக்கொண்டிருந்தது. இவருக்கும் அது புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சூடு எல்லாம் உனக்குல்லா போவுது. கடைசிச் சுற்று நீ முதல்ல போ கோமு" என்றார்.

பதினாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இவர் வாயிலிருந்து 'நீ முதல்ல' என்று வந்தது அன்றுதான். அதுவும் தன் லாபத்துக்காக. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கெல்லி ஒத்துக்கொள்ளவே கூடாது என்றாள், கையில் இருக்கும் வெற்றியை யாராவது கொடுப்பார்களா என்றாள். திங்கட்கிழமைக்காகத்தான் என்றேன். திங்கட்கிழமை உங்கள் பண்டிகையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவளுக்கு எப்படி விளக்குவது? காலை ஆறு மணிக்கு நான் வண்டியைக் கிளப்பும்போது, எனக்கு முன்னால் யாரும் ஓட்டி டயரைச் சூடாக்கித் தரப்போவதில்லை. அந்தக் குளிர்ந்த டயரில் நான் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் முறை வர அரைமணி நேரம் ஆனது. டயர்கள் கல்லாகக் குளிர்ந்திருந்தன. காற்று சுருங்கிக் கிடந்தது. இவர் பம்பை மாட்டிக் குனிந்தார். எப்போதும் நோட்டைப் பார்ப்பவர், அன்று நோட்டை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "பின்னால எவ்வளவு வைக்க?" என்று கேட்டார். காற்றுக் குழாயைப் பிடித்த ஒரு மனிதர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முப்பத்தாறு என்றேன். கூடக் குறைய இல்லாமல் முப்பத்தாறு வைத்தார்.

பாதி தூரம் ஒழுங்காகப் போனேன். கடைசியில் நீளமாக ஒரு இடது வளைவு. அதன் நடுவில் வால் கழன்றது. ஜனவரியில் பார்த்த அதே காட்சி, உலகம் பக்கவாட்டில் ஓடுகிறது. வலது கால் பிரேக்கைப் பார்த்துப் போனது. போகாதே என்று அதட்டினேன், வாய்விட்டு, தமிழில். கூம்பைப் பார்க்காமல் கூம்புகளுக்கு நடுவே இருந்த வழியைப் பார்த்தேன். கை தானாக எதிர்ப் பக்கம் திரும்பியது. வால் ஒருமுறை ஆடிவிட்டு, திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஒரு கூம்புகூடச் சாயவில்லை. என் முந்தைய நேரத்தைவிட ஒரு செகண்ட் அதிகம். அடுத்து ஏறிய இவர், நான் சூடாக்கிக் கொடுத்த டயரில் பறந்து, என் நல்ல நேரத்தையும் கொஞ்சத்தில் முந்திவிட்டு, தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து இவர் முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, நாளைக்கு அந்த வேலைக்குச் சரி என்று சொல்லப்போகிறேன் என்றேன். தேர்தலில் ஜெயித்தவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

இப்போது தினமும் எண்பது மைல் ஓட்டுகிறேன். நோட்டில் வேலைக்கென்று மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது. காலையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் எனக்குத் தெரியும், எவ்வளவு குளிர், எத்தனை பவுண்டு, எந்தத் திருப்பத்தில் மெதுவாகப் போக வேண்டும் என்று.

டிசம்பரில் ஊருக்குப் போனோம். மதுரையில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டினேன், இவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தார். மார்கழிதான் என்றாலும் மத்தியான வெயில் சுள்ளென்று இருந்தது. கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டி, சங்கரன்கோவில் நெருங்கும்போது அந்தப் பழைய பங்கைப் பார்த்தேன். டயரைப் பார்த்துவிடுவோமே என்று உள்ளே விட்டேன். காற்றுக் குழாயோடு அதே மனிதர், தலை நரைத்து, எங்கள் வண்டியை நோக்கி வந்தார். ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது. அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், இவருடைய கண்ணாடியைத் தட்டி, "எவ்வளவு வைக்க?" என்றார்.

இவர் கண்ணைத் திறந்து, "அவகிட்ட கேளுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் நம்பாமல் இன்னொரு தடவை கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பச் சுற்றி என் பக்கம் வந்து, "மேடம், எவ்வளவு வைக்க?" என்றார். இத்தனை வருஷம் கழித்து அதே இடத்தில் அதே வாயிலிருந்து வந்த கேள்வி. நான் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து மடியில் இருந்த கைபேசி அதிர்ந்தது. மிச்சிகனில் எங்கள் வீட்டு வாசலில், பனிக்கு அடியில் நிற்கும் கார் செய்தி அனுப்பியிருந்தது. நாலு டயரிலும் இருபத்தாறு. இவ்வளவு குறைந்துவிட்டதே என்ற பதைப்பில் அதுவே வாயில் வந்துவிட்டது.

"இருபத்தாறு."

அவர் குனிந்து கேஜை டயரில் வைத்துப் பார்த்தார். மதுரையிலிருந்து வெயிலில் ஓடிவந்த டயர்.

"இருபத்தாறா? இங்கன முப்பத்தாறுலா காட்டுது மேடம்."

"அது அங்கன அண்ணாச்சி. அங்கனதான் இருபத்தாறு."

அவர் என்னைப் பார்த்தார், தூங்குகிற இவரைப் பார்த்தார், குழாயைப் பிடித்தபடியே நின்றார்.

"சரி, ரெண்டுல எதை வைக்க?" என்றார்.